ஒற்றைக் காலில் நிற்கும் கலை

ஒருவன் தான் நினைத்தது நடந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்று சொல்வது நம் வழக்கம். விடுதி உணவுக் கூடத்தில் வாரம் ஒரு முறையேனும் வத்தக்குழம்பு வேண்டும் என்று நம்மில் பலர் ஒற்றைக் காலில் நின்றதுண்டு. ஒற்றைக் காலில் நிற்பது அரிய செயல், பெருமுயற்சியை வேண்டுவது என்ற எண்ணம் இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. ஆனால் உண்மை என்ன? நாம் எல்லோருமே நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை ஒற்றைக் காலில் நிற்கிறோம். விடுதியிலிருந்து வகுப்புக்கு நடக்கும்போது, ஒரு கால் முன்னே வீசப்படும் நேரமெல்லாம் மற்றொரு கால்தான் தனித்து நின்று உடலைத் தாங்குகின்றது. நடை என்பது கால் மாற்றிக் கால் ஒற்றைக் காலில் நிற்பதேயன்றி வேறன்று.

அப்படி நிற்கும்போது நாம் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதில்லை? இந்தச் சிறு வினாவுக்கு விடை தேடினால், நம் உடலில் ஓயாது உழைத்தும் பெயர்கூட அறியப்படாத சில தசைகளைச் சென்று சேர்வோம். அவை இடுப்புத் தசைகள். அவற்றை அறிவது மருத்துவ மாணவருக்கு மட்டும் உரிய வேலை என்று மற்றவர்கள் ஒதுங்க வேண்டாம். ஊரில் மூட்டு வலியோடு நடமாடும் பெரியவர்கள் உள்ள எவருக்கும் இதில் பயன் உண்டு.

'இடுப்பு' எது?

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். தமிழில் 'இடுப்பு' என்னும் சொல் தாராளமானது. அரைஞாண் கட்டும் இடம் இடுப்பு. குடத்தை வைக்கும் இடமும் இடுப்பு. நெடுநேரம் குனிந்து வேலை செய்தால் வலிக்கும் முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. பேறுகால வேதனைக்கும் இடுப்பு வலி என்றே பெயர். இந்தி பேசும் ஊர்களில் இடைக்கும் முதுகின் கீழ்ப்பகுதிக்கும் 'கமர்' என்றும், தொடை வந்து பொருந்தும் இடத்திற்குக் 'கூல்ஹா' என்றும் இரு சொற்கள் உள்ளன. நாமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 'இடுப்பு வலி' என்று சொல்லும் நோயாளியை 'எங்கே, கை வைத்துக் காட்டுங்கள்' என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.

இக்கட்டுரையில் இடுப்பு என்பது தொடை எலும்பு உடம்போடு இணையும் மூட்டையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் குறிக்கும். நேராக நின்று, தொடையின் வெளிப்புறத்தில் மேற்பகுதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியான ஒரு புடைப்புக் கையில் தட்டுப்படும். அது தொடை எலும்பின் வெளிமுனை. மூட்டு அங்கே இல்லை. அதற்கும் உள்ளே, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பின் நடுப்பகுதிக்கு நேர் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே, மூட்டிலேயே நோய் ஏற்பட்டால் வலி பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் தோன்றும். சில வேளைகளில் இடுப்பு மூட்டின் நோய் முழங்கால் வலியாகவும் வெளிப்படும். ஏனெனில் இரண்டு மூட்டுக்களுக்கும் கிளை அனுப்பும் நரம்புகள் உண்டு. முழங்காலில் எக்குறையும் காணாதபோது அனுபவமுள்ள மருத்துவர் இடுப்பையும் சோதித்துப் பார்ப்பது இக்காரணம் பற்றியே.

கிண்ணமும் பந்தும்

இடுப்பு எலும்பு ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று எலும்புகளால் ஆனது. குழந்தைப் பருவத்தில் தனித்தனியாக இருக்கும் இம்மூன்றும் பதின்பருவத்தில் ஒன்றாகப் பிணைந்துவிடுகின்றன. மூன்றும் கூடும் இடத்தில் ஆழமான கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. தொடை எலும்பின் தலை ஏறத்தாழ உருண்டையான பந்து. அது இக்கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. தோள் மூட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் அங்கே கிண்ணம் ஆழமற்றது. ஆதலால் கை எத்திசையிலும் வீசும், எளிதில் நழுவவும் செய்யும். இடுப்பிலோ கிண்ணம் ஆழமானது, சுற்றிலும் வலிய தசைநார்கள் கட்டியிருக்கின்றன. வீச்சுச் சற்றுக் குறைந்தாலும் உறுதி மிகுதி. கைக்கு வேண்டியது வீச்சு. உடலைச் சுமக்கும் காலுக்கு வேண்டியது உறுதி.

பந்துக்கும் எலும்பின் தண்டுக்கும் இடையே ஒரு கழுத்து உண்டு. அது தண்டோடு நேர்கோட்டில் இல்லாமல், பெரியவர்களுக்குச் சுமார் 125 பாகைக் கோணத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இச்சாய்வினால் தொடை எலும்பின் வெளிமுனை மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. இந்த விலகலின் பயனைப் பின்னர்க் காண்போம். முதுமையில் விழுந்தவர்களுக்கு 'இடுப்பு எலும்பு முறிந்தது' என்று சொல்வதும் பெரும்பாலும் இக்கழுத்தோ அதை அடுத்த பகுதியோ முறிவதைத்தான்.

ஐந்து கூட்டங்கள்

இம்மூட்டை ஒவ்வொரு பக்கத்திலும் 20க்கும் மேற்பட்ட தசைகள் இயக்குகின்றன. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: சுருங்கி இழுப்பது. தள்ள அதற்குத் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் கூட்டம் தேவைப்படுகிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கூட்டங்களை அறிந்தால் போதும்.

முன்புறக் கூட்டம் தொடையை மேலே தூக்குவது. இதன் தலைவன் 'இலியோசோவாஸ்' எனப்படும் இரட்டைத் தசை. அதன் ஒரு பகுதி முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும், மற்றொன்று இடுப்பு எலும்பின் உட்பக்கத்திலிருந்தும் புறப்பட்டு, இரண்டும் சேர்ந்து தொடை எலும்பின் உட்புறத்தில் முடிகின்றன. படியேறும்போது காலைத் தூக்குவதும், படுக்கையிலிருந்து எழுந்து உட்கார உதவுவதும் இதுவே. இக்கூட்டத்தில் மற்றொரு தசை 'சார்ட்டோரியஸ்'. இலத்தீன் மொழியில் தையற்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இடுப்பின் வெளிப்புறத்திலிருந்து தொடையைக் குறுக்காகக் கடந்து முழங்காலின் உட்புறம் வரை ஓடும் இதுவே உடலின் மிக நீண்ட தசை. தொடையை மடக்கி, விரித்து, வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலையும் மடக்குவது இதன் வேலை. அந்நாளைய ஐரோப்பியத் தையற்காரர் அவ்வாறுதான் உட்கார்ந்து தைப்பார்களாம். நமக்கு இது புதிதன்று; சம்மணம் போட்டு அமர்வதே அது. நம் நாட்டில் பெயர் வைத்திருந்தால் 'சம்மணத் தசை' என்றே வைத்திருப்போம்.

பின்புறக் கூட்டத்தில் தலையானது பெரும் பிட்டத் தசை. 'குளூட்டியஸ் மாக்சிமஸ்' என்பது நூற்பெயர். நாம் எதன்மேல் உட்காருகிறோமோ என்று கருதுகிறோமோ அதுவே இது; உண்மையில் உட்காரும்போது இது விலகிக்கொள்ள, அடியில் உள்ள எலும்புப் புடைப்புக்களே எடையைத் தாங்குகின்றன. மடங்கிய தொடையைப் பின்னோக்கி இழுத்து உடலை நிமிர்த்துவது இதன் பணி. சமதரையில் மெல்ல நடக்கும்போது இதற்கு அதிக வேலையில்லை. ஓடும்போதும், படியேறும்போதும், தரையிலிருந்து எழும்போதும்தான் முழு வலிமையையும் காட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாததற்காகத் தோப்புக்கரணம் போட்டவர்கள் மறுநாள் எழுந்தபோது எங்கே வலித்தது என்பதை நினைவுகூர்ந்தால் இத்தசையின் இருப்பிடம் விளங்கும். வாலில்லாக் குரங்குகளோடு ஒப்பிட்டால் மனிதனிடம் இது மிகப் பெரிது. நிமிர்ந்த உடலை முன்னே கவிழாமல் பிடித்து ஓடுவதற்கு இது இன்றியமையாதது.

உட்புறக் கூட்டம் தொடைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது. கால்பந்து ஆடுவோர் 'தொடைச்சந்தில் பிடித்துக்கொண்டது' என்று நொண்டி வந்தால், பெரும்பாலும் நைந்தது இக்கூட்டத்தில் ஒன்றாகவே இருக்கும்.

ஆழத்தில் ஆறு சிறு தசைகள் தொடையை வெளிப்பக்கம் திருப்புகின்றன. அவற்றுள் பேரிக்காய் வடிவான ஒன்று, 'பிரிஃபார்மிஸ்', நிலஅளவைக் கல் போன்றது. உடலிலேயே பருமனான நரம்பாகிய சயாட்டிக் நரம்பு பெரும்பாலோர்க்கு இதன் கீழ் விளிம்பை ஒட்டி வெளிவந்து காலுக்கு இறங்குகிறது. மேல் விளிம்பை ஒட்டி வரும் நரம்போ ஐந்தாம் கூட்டத்திற்கு உரியது.

அந்த ஐந்தாம் கூட்டமே நம் கதைத் தலைவன். இடுப்பின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்து, கீழே குறுகித் தொடை எலும்பின் வெளிமுனையில் பொருந்தும் நடுப் பிட்டத் தசையும், அதன் அடியில் உள்ள சிறு பிட்டத் தசையும் இதைச் சேர்ந்தவை. 'குளூட்டியஸ் மீடியஸ்', 'குளூட்டியஸ் மினிமஸ்' என்பன அவற்றின் நூற்பெயர்கள். காலைப் பக்கவாட்டில் விரிப்பது இவற்றின் வேலை என்று நூல்கள் சொல்லும். ஆனால் ஒரு நாளில் நாம் எத்தனை முறை காலைப் பக்கவாட்டில் விரிக்கிறோம்? இவற்றின் உண்மையான உழைப்பு வேறு.

பூங்காப் பலகையின் கணக்கு

வலக்கால் மட்டும் தரையில் ஊன்றியிருக்கிறது, இடக்கால் அந்தரத்தில். இப்போது இடுப்பெலும்பின் இடப்பக்கத்திற்குக் கீழே தாங்கல் இல்லை. உடலின் எடை அதை அப்பக்கமாகக் கீழே இழுக்கிறது. வலப்பக்கத்து நடுப் பிட்டத் தசை சுருங்கி, இடுப்பெலும்பின் வலப்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இதனால் இடப்பக்கம் தாழாமல் நிற்கிறது. பூங்காவில் பிள்ளைகள் இரு முனையிலும் அமர்ந்து ஏறி இறங்கும் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள தாங்கி வல இடுப்பு மூட்டு, ஒரு முனையில் உடலின் எடை, மறுமுனையில் தசை.

ஆனால் இப்பலகையின் இரு கைகளும் சமமல்ல. எடை மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தொலைவில் செயற்படுகிறது. தசையோ சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொள்வோம். ஊன்றிய காலின் எடை ஏறத்தாழ 10 கிலோ போக, மூட்டின்மேல் தொங்குவது 50 கிலோ. 50ஐ 10ஆல் பெருக்கினால் 500. இதைச் சரிக்கட்ட 5 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தசை 100 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். தாங்கியாகிய மூட்டின்மேல் விழுவது இரண்டும் சேர்ந்த 150 கிலோ. அதாவது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு! இது காகிதத்தில் போட்ட எளிய கணக்குத்தான். ஆனால் பெர்லின் நகரத்து ஆய்வாளர்கள் செயற்கை இடுப்பு மூட்டினுள் அளவு கருவிகளைப் பொருத்தி, அம்மூட்டைத் தாங்கியவர்களை நடக்கச் செய்து அளந்தபோதும், ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்ற விடையே கிடைத்தது.

தொடை எலும்பின் கழுத்துச் சாய்ந்திருப்பதன் பயன் இப்போது விளங்கும். அச்சாய்வு இல்லையேல் தசைக்கு அந்த 5 சென்டிமீட்டர் கையும் கிட்டாது. அது இன்னும் பன்மடங்கு இழுக்க நேரிடும்.

தசை தளர்ந்தால்

இத்தசை வலுவிழந்தால் என்ன ஆகும்? ஊன்றாத பக்கத்து இடுப்பு தாழும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் இதை எடுத்துக் காட்டினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் அசைந்து அசைந்து நடப்பதற்குக் காரணம், பந்து இடம் பெயர்ந்து மேலும் கீழும் வழுக்குவதே என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். தசைகள் இடுப்பைச் சமமாகப் பிடிக்க இயலாமையே காரணம் என்று அவர் விளக்கினார். நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் செய்து பார்க்கும் எளிய சோதனை இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எந்தக் கருவியும் வேண்டாத சோதனை அது.

ஒரு பக்கம் தளர்ந்தவர் நடக்கும்போது, விழாமல் இருக்க உடலைத் தளர்ந்த பக்கமாகவே சாய்ப்பார். எடையை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்துவிட்டால் தசைக்கு வேலை குறையும் அல்லவா? கணக்குப் படியாமலே உடல் கண்ட வழி அது. இரு பக்கமும் தளர்ந்தால் வாத்து நடையாகும். நம் நாட்டில் இளம்பிள்ளை வாதம் பல்லாயிரம் குழந்தைகளின் இத்தசைகளைப் பறித்தது. இந்தியாவில் அந்நோயின் இயற்கைக் கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27ஆம் நாள் இப்பகுதி நோயற்றதெனச் சான்று பெற்றது. ஆயினும் முன்னரே தாக்குண்டவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்களுடைய நடையைப் பார்த்துச் சிரிப்பவன், ஒவ்வோர் அடியிலும் அவர்கள் தீர்த்துக் காட்டும் கணக்கை அறியாதவன்.

பிட்டத்தில் ஊசி போடுவதற்கும் இதனோடு தொடர்புண்டு. சயாட்டிக் நரம்பு கீழேயும் உட்புறமாகவும் செல்கிறது. ஊசி அதில் பட்டால் பாதம் தொங்கிப்போகவும் கூடும். அதனால்தான் பிட்டத்தை மனத்தால் நான்கு கட்டங்களாகப் பிரித்து, மேற்புற வெளிக் கட்டத்திலேயே ஊசி போட வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கோ தொடையின் முன்பக்க வெளிப்புறமே உகந்தது.

ஊன்றுகோல் எந்தக் கையில்?

இனி, வீட்டுக்கு வேண்டிய செய்திக்கு வருவோம். வல இடுப்பில் வலி உள்ள ஒருவர் ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? 'வலிக்கும் பக்கத்தில்தான், இதில் என்ன ஐயம்?' என்று பலரும் விடை கூறுவர். என் பாட்டியும் அவ்வாறே பிடித்து ஆண்டுக்கணக்கில் நடந்தார். வீட்டில் நாங்கள் யாரும் அதைத் தவறு என்று எண்ணியதில்லை.

சரியான விடை: இடக் கையில். பூங்காப் பலகைக்கே திரும்புவோம். எடை இடப்பக்கமாகத் தாழ முயல்கிறது. இடக் கையில் உள்ள கோல் அப்பக்கத்தை மேலே தாங்குகிறது. கோல் ஊன்றும் இடம் வல மூட்டிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகக் கொள்வோம். 5 கிலோ அளவே அழுத்தினாலும், 5ஐ 50ஆல் பெருக்க 250. வேண்டியிருந்த 500இல் பாதியைக் கோல் ஏற்றுக்கொண்டது! தசை 100 கிலோவுக்குப் பதில் 50 கிலோ இழுத்தால் போதும். மூட்டின்மேல் விழுவது தசையின் 50, உடலின் 50, அதில் கோல் தாங்கிய 5ஐக் கழிக்க 95 கிலோ. 150 எங்கே, 95 எங்கே! வலிக்கும் பக்கத்திலேயே பிடித்தால் இந்த நீண்ட கை கிட்டாது; உடலை அப்பக்கம் முழுவதுமாகச் சாய்த்துத்தான் நடக்க நேரும். கோலும் வலியுள்ள காலும் ஒரே நேரத்தில் முன்னே செல்ல வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சுமைக்கு இதன் நேர் எதிர். பையையோ வாளியையோ தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், வலியுள்ள பக்கத்துக் கையிலேயே தூக்க வேண்டும். மறு கையில் தூக்கினால் அது பலகையின் நீண்ட முனையில் ஏறிய சுமையாகித் தசையையும் மூட்டையும் மேலும் வருத்தும்.

நாம் செய்யக்கூடியது

இருபது வயதில் இடுப்புத் தசை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆயினும் காலை முதல் இரவு வரை நாற்காலியிலேயே கழியும் படிப்பு நம்முடையது. உட்கார்ந்திருக்கும்போது முன்புறத் தசைகள் குறுகிய நிலையிலேயே கிடக்கின்றன. பிட்டத் தசைகள் வேலையற்றுக் கிடக்கின்றன. பயன்படுத்தாத தசை மெலியும் என்பது உடலின் பொது விதி. இதற்குப் பெரிய பயிற்சிக்கூடம் தேவையில்லை. மின்தூக்கியை விட்டுப் படியேறலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நேராகத் தூக்கி இறக்கலாம். பல் துலக்கும்போது சுவரருகே நின்று, ஒரு காலுக்கு அரை நிமிடம் என ஒற்றைக் காலில் நிற்கலாம்.

முதியவர்களுக்கு இனிப் பயனில்லை என்று எண்ணுவதும் தவறு. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் சிலருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய தொடைத் தசையின் வலிமை இரு மடங்குக்கும் மேலாயிற்று. தசை மூப்படைந்தாலும் கற்றுக்கொள்வதை விடுவதில்லை. தசை வலுவாயிருந்தால் விழுவது குறையும். விழுவது குறைந்தால் அந்தச் சாய்ந்த கழுத்து முறிவதும் குறையும். வலியோ நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை வீட்டாரோடு தொலைபேசியில் பேசும்போது, 'சாப்பிட்டாயா?' என்று அவர்கள் கேட்டு முடித்த பிறகு, நீங்கள் ஒன்று கேளுங்கள்: 'தாத்தாவுக்கு எந்தப் பக்கம் வலி? கோலை எந்தக் கையில் பிடிக்கிறார்?' என் பாட்டி கை மாற்றிப் பிடிக்கத் தொடங்கிய முதல் வாரம், 'இது என்ன புது வழக்கம்' என்று முணுமுணுத்தார். அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது, தெருமுனைக் கோயில் வரை நடந்து திரும்பியிருந்தார். கை மாற்றும்படி சொன்னது யார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. கோல் மட்டும் சரியான கையில் இருந்தது.